காது வெட்டாத ஆடுகள்

செல்வராணி என் காதைப் பிடித்து இழுத்து நுனியில் நகத்தால் கிள்ளினாள். வலித்தது.

"இடது காதில நுனி வெட்டு. வலது காதில ஓரத்தில ஒரு கொத்து. இதுதான் எங்கட குறி. இப்பிடி ஒரு ஆடு நிண்டாலும் போதும், அக்கா. பாத்து வந்து சொல்லுங்கோ."

செல்வராணி நெடுந்தீவுக்காரி. தொண்ணூறாம் ஆண்டு படகேறி வந்து, முகாமில் சில வருடம் இருந்து, கணவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். நான் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். எனக்கு வரும் வெளித் தையல் வேலையில் பாதியை அவள்தான் முடித்துக் கொடுப்பாள். 2003இல் அங்கே சண்டை ஓய்ந்திருந்தது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். செல்வராணி காலையில் போகிறேன் என்பாள், சாயங்காலம் போய் என்ன செய்வது என்பாள். அந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்கு நான் கிளம்பியபோதுதான் என் காது அவள் கையில் அகப்பட்டது.

"வீட்டுக்குக் கூரை இராது. அது தெரியும். ஆடு இருந்தால் ஒரு பொம்பிளை அங்க சீவிச்சிடலாம். இல்லாட்டி நான் இஞ்சயே தைச்சுக்கொண்டு கிடக்கிறன்" என்றாள்.

நான் கமுதிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் மனிதர்களைவிட வெள்ளாடுகள் அதிகம். பதின்மூன்று வருடம் உயிரோடிருக்கிற ஆட்டை நான் பார்த்ததில்லை. குறி போட்ட ஆடுகள் எப்போதோ செத்திருக்கும், அவற்றின் குட்டிகளுக்குக் குறி யார் போட்டிருப்பார்கள்? இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சரி, பார்த்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கலியாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது, நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலை அந்த வீட்டு உளுந்து வடையையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, படகுத்துறைக்குப் போகிற குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறியதுதான் பிழை. கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி நின்றோம். இரண்டு பக்கமும் கணுக்கால் ஆழத்துக்குக் கடல். காற்று என் சேலையைப் பிடுங்கப் பார்த்தது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை எவடத்துக்கு?"

"நெடுந்தீவுக்கு."

"இந்தச் சோளகத்துக்கையோ? காலமை என்ன சாப்பிட்டனீர்?"

வடை என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதன் பொருள் படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் விளங்கியது. சோளகம் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. அதற்கு என் மேல் என்ன கோபமோ, வடை மட்டுமல்ல, கலியாணச் சாப்பாடும் கடலுக்குப் போயிற்று. எனக்குப் பக்கத்தில் ஒருவர் மடியில் கோழிக் கூடையோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். அவர் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

இறங்குதுறையில் கடற்படைக்காரர் ஒருவர் என் பையைத் திறந்து, எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் புட்டியை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து மூடிக் கொடுத்தார். அந்த ஊறுகாய் பிலோமினாவுக்கு. பிலோமினா, செல்வராணியின் பக்கத்து வளவுக்காரி. இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவள் ஊரை விட்டுப் போகவில்லை என்று மட்டும் செல்வராணிக்குத் தெரியும். பெயரைச் சொன்னதும் லான்ட்மாஸ்டர் என்கிற கை டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் என்னைப் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, பவளப் பாறையை உடைத்துப் போட்ட முருகைக்கல் பாதையில் எலும்பை எண்ணுகிற மாதிரி குலுக்கிக்கொண்டு போய் இறக்கினார்.

தீவு தட்டையாகக் கிடந்தது. பெருக்கித் தேய்ந்த விளக்குமாற்றுக் கட்டை மாதிரி மஞ்சள் புல். வளவுகளைச் சுற்றிச் சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்கள். முதல் ஆட்டை ஒரு மதிலின் மேல் பார்த்தேன். முன்னங்கால்களைத் தூக்கிப் பூவரசுக் கிளையை இழுத்து வைத்துக்கொண்டு தின்றது. சுற்றும் முற்றும் மேய்ப்பவரைத் தேடினேன். ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் ஆடு தானாகச் சுற்றினால் அதற்கு இரண்டு அர்த்தம்தான், காணாமல் போன ஆடு அல்லது களவு போகப் போகிற ஆடு. மேய்க்கிறவர் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை பின்னாலேயே அலைவார். இங்கே ஆட்டுக்கு முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை.

பிலோமினா வெளியே வந்தாள். நெடிய உருவம், இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். செல்வராணி அனுப்பினாள் என்றதும் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"உயிரோட இருக்கிறாளோ? ஒரு கடுதாசி போடேல்லை, எருமை."

குசினியில் உட்காரவைத்து ஒடியல் கூழ் ஊற்றித் தந்தாள். நண்டும் மீனும் பயற்றங்காயும் மிதந்தன. காலியான என் வயிற்றுக்குள் அது போய் இறங்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு ஆட்டுப் பால் தேநீர். தண்ணீரில் உப்புக் கரித்தது. ராமநாதபுரத்துத் தண்ணீருக்குப் பழகிய நாக்குக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. காலுக்கு என்ன என்று கேட்டேன். சின்ன வயதில் செல்வராணியோடு பந்தயம் பிடித்து இந்த மதிலிலிருந்து பாய்ந்து விழுந்தது என்றாள். "அவள்தான் தள்ளினவள். இண்டைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள்."

அடுத்த நாள் விடிந்ததும் ஆடுகளின் பின்னால் போகக் கிளம்பினேன். பிலோமினாவின் கணவர் அந்தோனி கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"இந்தியாவிலயிருந்து ஆட்டுக்குப் பின்னால நடக்கவோ வந்தனீங்கள்?" என்று சிரித்தார்.

"அங்கே ஆட்டுக்குப் பின்னால் நடந்துதானே வளர்ந்தேன். இங்கே சும்மா நடக்கலாம், விரட்ட வேண்டியதில்லை" என்றேன்.

ஆடுகள் காற்றுக்கு எதிராகவே போயின. எங்கள் ஊர் ஆடுகளும் அப்படித்தான், மூக்குக்கு வாசனை வருகிற பக்கம்தான் போகும். ஆனால் மேய்ப்பவர் மறித்துத் திருப்பிவிடுவார். இங்கே மறிக்க ஆளில்லாததால் முழுத் தீவும் ஒரே திசையில் போவதுபோல் இருந்தது. சோளகத்தில் எல்லாம் தென்மேற்குக் கரைப் பக்கம், மார்கழியில் வாடைக் காற்று திரும்பியதும் இவையும் வடக்கே திரும்பும் என்று அந்தோனி சொல்லியிருந்தார்.

புல்லை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாடுகளும் மட்டக்குதிரைகளும் அடிக்கட்டையைக் கரண்டிக்கொண்டிருந்தன. ஆடுகள் முள்ளுக்குள் மூக்கை விட்டுப் பச்சையாக மிஞ்சிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தன. மழைக் காலத்தில் இதே ஆடுகள் புல்லை விட்டுத் தலை நிமிராதாம். வெயில் ஏறியதும் பனங்கூடலுக்குள் புகுந்து, விழுந்து கிடந்த பனம்பழங்களைச் சப்பின. தும்பு பல்லில் மாட்டி ஒரு கிடாய் பட்ட பாட்டைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். பொழுது சாய்கிறபோது கரைக்குப் போய், அலை ஒதுக்கிய சாதாளையைத் தின்றன. கடற்புல் தின்கிற ஆட்டை அன்றுதான் பார்த்தேன். பசிக் கொடுமை என்று பிலோமினா சொல்கிறாள். உப்பு ஆசை என்பது என் கட்சி. கறவை ஆடுகள்தான் அதிகம் தின்றன. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் வந்த வேலை காது பார்ப்பது. பார்த்தேன். பிலோமினாவின் ஆடுகளுக்கு வலது காதில் இரட்டை வெட்டு. வேறு வேறு வீட்டுக் குறிகளும் கண்ணில் பட்டன. செல்வராணியின் குறி எங்கும் இல்லை. ஆனால் ஒரு கூட்டம், இருபதுக்கு மேல் இருக்கும், காதில் ஒரு வெட்டுக்கூட இல்லாமல் திரிந்தது. கறுப்பு மறி ஒன்று, பெட்டையாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், முன்னால் நடக்க, மற்றவை அதன் பின்னால். இந்தத் தீவில் குட்டி போட்ட முதல் சோளகத்துக்குள் காதில் கத்தி வைத்துவிடுவார்களாம். கிழட்டு ஆடு வரை காது முழுசாக இருந்தால் என்ன அர்த்தம்?

சாயங்காலம் இன்னொரு வேடிக்கை பார்த்தேன். கோடையில் குளங்கள் வற்றிவிடுவதால் ஒவ்வொரு வளவிலும் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் இறைத்து வைக்கிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. ஒன்றாக மேய்ந்து வந்த ஆடுகள் ஒழுங்கை என்கிற சந்தின் முனையில் பிரிந்து, அததன் தொட்டிக்குப் போகின்றன. பிலோமினாவிடம் மட்டும் இரண்டு தொட்டி. சீமெந்துத் தொட்டியில் அவள் ஆடுகள் குடித்தன. இரும்புப் பீப்பாயைப் பாதியாக வெட்டிப் போட்டிருந்ததில் அந்த முழுக்காதுக் கூட்டம் குடித்தது.

"இது யாருடைய ஆடு?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிக்கிற ஆடு" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. செல்வராணியின் ஆடுகளின் வாரிசுகள்தான் இவை, இவள் அமுக்கிக்கொண்டு மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் ஊற்றிய கூழ் வயிற்றில் இருக்கும்போதே இப்படி நினைத்தேன்.

மூன்றாம் நாள் பிலோமினா மீன் விற்கச் சந்தைக்குப் போனாள், அந்தோனி உறங்கினார். நான் செல்வராணியின் வளவைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. சுவர்களுக்குள் எருக்கலை முளைத்திருந்தது. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருந்தது, கிணற்றடியில் கல்தொட்டி உடையாமல் இருந்தது. ஒழுங்கையிலிருந்து ஆடு வருகிற மதில் திறப்பான கடப்பை மட்டும் யாரோ முருகைக்கல் போட்டு நெஞ்சளவுக்கு அடைத்திருந்தார்கள். ஓகோ, ஆடு பழைய தொட்டிக்குத் திரும்பிப் போய்விடக் கூடாது என்று பிலோமினாதான் அடைத்திருக்கிறாள் என்று தோன்றியது. பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு.

கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பிலோமினாவின் வாளியையும் கயிற்றையும் கொண்டுவந்து தொட்டியைக் கழுவி நிரப்பினேன். கை கொப்பளித்தது. நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஆடுகள் வந்தன. இரட்டை வெட்டுக் காதுகள் கடப்பைத் தாண்டி நேரே போயின. கறுப்பு மறி நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு கடப்பு வழியாக உள்ளே வந்து, எத்தனையோ வருடம் வந்து பழகியதுபோலத் தொட்டியில் வாயை வைத்தது. முழுக்காதுக் கூட்டம் முழுக்க அதன் பின்னால் வந்தது. பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

பிலோமினா கூடையோடு கடப்பில் வந்து நின்றாள். தொட்டியைப் பார்த்தாள், எடுத்துப் போட்ட கற்களைப் பார்த்தாள். மூன்று நாளாக "நீங்கள்" என்று பேசியவள் சட்டென்று "நீர்" என்பதற்கு மாறினாள்.

"ஆரைக் கேட்டுக் கல்லை எடுத்தனீர்?"

"செல்வராணியின் தொட்டி. செல்வராணியின் ஆடு. அதுதான் பார்த்தேன்."

"ஓம், அவளின்ர ஆடுதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ? நாளைக்கு ஆர் ஊத்திறது? நீர் நாளைக்குப் படகில ஏறிப் போயிடுவீர். ஆடு ஒருக்காத் தண்ணி கண்ட தொட்டியை விடாது. நாளைக்கும் வரும், நாளையிண்டைக்கும் வரும். பக்கத்து வளவில தண்ணி கிடந்தாலும் இஞ்சதான் நிக்கும்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது.

"செல்வராணியாக்கள் ஊரை விட்டுப் போன அந்த வருசம் சோளகம் நேரத்தோட வந்திட்டுது. ஆடுகள் இந்தத் தொட்டியடியில வந்து நிண்டுதுகள். வெறுந்தொட்டியை நக்கி நக்கி நிண்டுதுகள். நான் என்ர வளவுக்கு அடிச்சுக் கலைச்சும் வரேல்லை. ரெண்டு மறி இதிலயே விழுந்து செத்துப் போச்சு. பிறகுதான் நானும் இவரும் கல்லைப் போட்டு அடைச்சு, பீப்பாயை வெட்டிப் பழக்கினனாங்கள். எத்தினை நாள் தடியோட நிண்டிருப்பன் எண்டு நினைக்கிறீர்?"

"அப்போது காது? ஏன் குறி போடவில்லை?"

"வெட்டினால் என்ர ஆடாயிடும். அவளின்ர ஆட்டுக்கு நான் எப்பிடிக் கத்தி வைக்கிறது? கிடாய்க்குட்டியள் வித்தனான், பொய் சொல்லேல்லை. அது தண்ணி ஊத்தின கூலி. மறியள் அவ்வளவும் நிக்குது. அவள் வந்து வெட்டட்டும் எண்டு விட்டனான்."

குறியில்லாத ஆட்டை வேறு யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். "பிடிக்கலாம். பிடிக்கேல்லை. என்ர பீப்பாயில குடிக்கிறது ஊருக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கற்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறேன் என்று குனிந்தேன். பிலோமினா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடும். அதுகளை ஒருக்கா ஏமாத்தினது போதும். திறந்தது திறந்ததுதான்."

அவளே வாளியைக் கிணற்றில் இறக்கினாள். கடைசி ஆடு குடித்து முடிக்கும்வரை மாறி மாறி இறைத்தோம். அவள் கால் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். ஒழுங்கை வழியாகப் போன லான்ட்மாஸ்டர் நின்றது. என்னைக் குலுக்கிக் கொண்டுவந்தவர்தான். "என்ன, செல்வராணி வந்திட்டாளோ?" என்று கத்திக் கேட்டார். இந்தத் தீவில் கோடையில் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் அந்த வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தமாம். பிலோமினா நிமிர்ந்து பார்க்காமல், "வருவாள்" என்றாள்.

மறுநாள் காலை இறங்குதுறைக்குப் போனபோது ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் பனையோலையில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "செல்வராணி அக்காட்டைக் குடுங்கோ, வந்திருக்கிறாவாம்" என்றார். விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன். பிலோமினா வழியனுப்ப வந்திருந்தாள்.

"மழை விழுமட்டும் ஊத்துவன் எண்டு அவளிட்டைச் சொல்லும். மழை விழுந்தால் குளத்தில குடிக்குங்கள். திரும்பப் புல்லுக் காய முன்னம் அவள் வரோணும். அதுக்குப் பிறகு ரெண்டு கிணத்தில இறைக்க எனக்கு ஏலாது."

அன்று நான் வெறும் வயிற்றோடு படகேறினேன். ஒன்றும் ஆகவில்லை.

ராமநாதபுரம் வந்து சேர்ந்ததும், செல்வராணி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கருவாட்டைக் கொடுத்தேன். கூரையில்லாத வீடு, எருக்கலை, கறுப்பு மறி, காது முழுசான கூட்டம், எல்லாம் சொன்னேன். ஆடு இருக்கிறது என்றதும் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கருவாட்டை மோந்துகொண்டே கேட்டாள். நான் கற்களை எடுத்துத் தொட்டியை நிரப்பிய இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"எங்கட தொட்டியிலயோ ஊத்தினனீங்கள்?"

"ஆமாம். தெரியாமல் செய்துவிட்டேன், செல்வராணி."

"இப்ப ஆர் ஊத்திறது?"

"பிலோமினா. மழை விழும்வரை ஊற்றுவாளாம்."

"ரெண்டு தொட்டிக்கும்? அந்தக் காலோட?"

நான் தலையை ஆட்டினேன். செல்வராணி கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் தள்ளினனான், அக்கா" என்றாள்.

பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் துழாவும் சத்தம் கேட்டது. ஓலை கிழிக்கிற சின்னக் கத்தி ஒன்றோடு வெளியே வந்தாள். துருப்பிடித்திருந்தது. அதை என் வீட்டு அம்மிக்கல்லில் தீட்டத் தொடங்கினாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"இருபது ஆட்டுக் காதுக்குப் பூச எவ்வளவு மஞ்சள் வேணும்?"